கண்ணீரின் கணக்கு

படக்கொட்டகையை விட்டு வெளியேறும் மக்கள் வழங்கும் தீர்ப்புகள் இரண்டே. "உருக்கிவிட்டான்!" என்பது ஒன்று, "ஏமாற்றிவிட்டான்!" என்பது மற்றொன்று. ஏடுகளில் எழுதும் திறனாய்வாளர்கள் ஒளிப்பதிவு, இசை, படத்தொகுப்பு என்று கூறு கூறாகப் பிரித்து எடைபோடுவர். காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவனோ, வண்டியை எடுத்துக்கொண்டே தன் தீர்ப்பை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது!

நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது என் தொழில். படம் பார்ப்பது எப்போதேனும் வாய்க்கும் பொழுதுபோக்கு. திரைக்கலையின் நுணுக்கங்களை நான் கற்றவனல்லன். ஆயினும் அவ்விரு தீர்ப்புகளுக்குள்ளே ஓர் அறநெறிக் கேள்வி அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு படம் நம்மை அழவைத்துவிட்டது என்பதனாலேயே அது நல்ல படமாகிவிடுமா? அழுதுவிட்டோம் என்பதனாலேயே நாம் நல்லவர்களாகிவிடுவோமா? ஒருமுறை சிந்திய கண்ணீருக்குப் பிறகு நாம் யாருக்கேனும் கடன்பட்டவர்களா, இல்லையா?

பகுத்தறிவு பேசும் தோழர்களில் சிலர் இக்கேள்வியை ஒரே தட்டில் தட்டிவிடுகின்றனர். "திரையில் இருப்பது ஒளியும் நிழலும். அழுபவள் ஊதியம் பெற்றுக்கொண்டு அழுகிறாள். இதற்குப் போய்க் கண் கலங்குவதா? கற்சிலையின் முன் கண்ணீர் வடிப்பவனுக்கும் வெள்ளைத் துணியின் முன் கண்ணீர் வடிப்பவனுக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்கின்றனர்.

கேள்வி கூரியது, ஆனால் குறி தவறியது. சிலையின் முன் அழுபவன், அது தன் குரலைக் கேட்கும் என்று நம்பி அழுகிறான். திரையின் முன் அழுபவனோ, அது கேளாது என்பதை நன்கறிந்தே அழுகிறான். அவனுக்கு அதனால் வரம் ஏதும் கிட்டப்போவதில்லை; வேண்டுதல் எதுவும் நிறைவேறப்போவதில்லை. ஊரும் பேரும் அறியாத ஒருவனுடைய துயரைத் தன் நெஞ்சில் ஏற்றிப் பார்க்கிறான்; அவ்வளவே. தன் பிள்ளை பசித்திருந்தால் பதறுவதற்கு எவருக்கும் பயிற்சி தேவையில்லை. எவன் பிள்ளையோ பசித்திருக்கும்போது பதறுவதற்குத்தான் நெஞ்சுக்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத் தரும் கலையைப் பகுத்தறிவின் பகை என்று சொல்வது, பகுத்தறிவையே பாலைவனம் ஆக்குவதாகும்.

அதற்காக, "அழுதேன், ஆகவே அது உயர்ந்த படம்" என்பாரோடு சேர்ந்துவிடவும் முடியவில்லை. இந்த ஐயம் இன்று நேற்று எழுந்ததன்று. கிரேக்கத்துப் பிளேட்டோ, தாம் கற்பனையில் எழுப்பிய குடியரசுக்குள் துன்பியல் நாடகக் கவிஞர்க்கு இடமில்லை என்றார். பிறர் புலம்பலைச் சுவைத்துப் பழகிய உள்ளம், தனக்குத் துன்பம் வரும்போது தளர்ந்து விழும் என்பது அவர் அச்சம். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டிலோ, அச்சமும் இரக்கமும் எழுந்து அடங்குவதால் உள்ளம் தெளிவடைகிறது என்று மறுமொழி தந்தார். 1758-இல் ரூசோ, ஜெனிவா நகரில் நாடக அரங்கு அமைப்பதை எதிர்த்து எழுதியபோது, இன்னும் ஆழமாகக் குத்தினார். நாடகத்தில் அழுபவன், கைப்பொருள் செலவின்றி, கால் நோகாமல், மனித குலத்துக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்து முடித்துவிட்டதாகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வீடு திரும்புகிறான் என்பது அவர் வாதம்.

1890-இல் வெளிவந்த தம் உளவியல் நூலில் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு காட்சியைக் காட்டுகிறார். உருசிய நாட்டுச் சீமாட்டி ஒருத்தி அரங்கினுள் அமர்ந்து, நாடகப் பாத்திரங்களின் துயருக்காகக் கண்ணீர் உகுக்கிறாள். வெளியே கொட்டும் பனியில், அவளுடைய வண்டியோட்டி தன் இருக்கையிலேயே விறைத்துச் சாகிறான்!

உள்ளே கண்ணீர், வெளியே பிணம். இரண்டுக்கும் இடையே ஒரு சுவர்தான். அந்தச் சுவரை இடிக்கும் கலை எது, அதை இன்னும் உயர்த்திக் கட்டும் கலை எது என்பதே நம் ஆராய்ச்சி.

தமிழில் இதற்கொரு நல்ல அளவுகோல் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுக்கிறது. இழவு, அதாவது உற்றாரையும் உரியதையும் இழத்தல். இளிவு, பிறரால் இகழப்படுதல். அசைவு, முன்பிருந்த நிலை கெட்டு வருந்துதல். நான்காவது, வறுமை.

இந்நான்கையும் சற்றே பிரித்துப் பார்ப்போம். இழவில் ஒரு பகுதி இயற்கையின் செயல். சாவை ஒழிக்க எந்தச் சட்டமன்றமும் சட்டம் இயற்ற முடியாது. வறுமை அப்படிப்பட்டதா? ஒருவன் இகழப்படுவது இயற்கையின் ஏற்பாடா? நிலைகெட்டு வீதிக்கு வருவது வானத்துக் கோள்களின் வேலையா? இல்லை. இவற்றைச் செய்தவன் மனிதன்; செய்துகொண்டிருப்பவன் மனிதன்; செய்யாதிருக்கக்கூடியவனும் மனிதனே. ஆகவே அழவைக்கும் எந்தப் படத்தையும் பார்த்து நாம் கேட்கவேண்டிய கேள்வி இது: இந்தத் துயரைச் செய்த கையை நீ காட்டுகிறாயா, மறைக்கிறாயா? அல்லது, வேறொருவன் கை என்று பொய் சொல்கிறாயா?

பொய் சொன்ன படம் ஒன்றை முதலில் பார்ப்போம். 1915-இல் அமெரிக்காவில் கிரிஃபித் என்பார் இயக்கிய 'ஒரு தேசத்தின் பிறப்பு'. பேசாப் படங்களின் காலத்தில், மூன்று மணி நேரம் ஓடிய பெரும்படம். படம் எடுக்கும் கலையில் அதனிடம் கற்றவர் பலர். உருக்கத்துக்கும் குறைவில்லை. வெள்ளை இனத்துப் பெண்ணொருத்தி, தன்னைத் துரத்தி வரும் கறுப்பனிடமிருந்து தப்ப, பாறை உச்சியினின்று குதித்து உயிர்விடுகிறாள். பார்த்தோர் கலங்கினர், கலங்கிய கண்கள் சிவந்தன. பிறகு, முகமூடி அணிந்த 'கூ க்ளக்ஸ் கிளான்' கூட்டத்தார் குதிரையேறிக் காப்பாற்ற வரும்போது கைதட்டி ஆரவாரித்தனர்.

உண்மை வரலாறு என்ன? அடிமைத் தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களைக் கொன்றும் கொளுத்தியும் அச்சுறுத்திய கூட்டம் அது. கொலையாளியைக் காவலனாக்கியது படம், கொல்லப்பட்டவனைக் கொடியவனாக்கியது. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-இல் தோன்றிய சங்கம் படத்தைத் தடைசெய்யக் கோரிப் போராடியது. ஆனால் குடியரசுத் தலைவர் வில்சனின் வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது. 1870-களில் ஒடுக்கப்பட்டிருந்த அந்தக் கிளான் கூட்டம், அதே 1915-ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்து மலையொன்றின்மீது சிலுவையைக் கொளுத்தி மீண்டும் உயிர்பெற்றது. அதன்பின் ஆள் சேர்க்கும் கருவியாகவும் அந்தப் படத்தையே பயன்படுத்திக்கொண்டது.

அரங்கில் அழுதவர்களின் கண்ணீர் போலியா? அன்று. உப்புக் கரிக்கும் உண்மைக் கண்ணீர்தான். ஆனால் உண்மையான கண்ணீர், பொய்யான கதைக்குச் சாட்சியாக நின்றுவிட்டது! உருக்கம் உண்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா? "எவனுக்காக அழச் சொல்கிறாய்?" என்று மட்டும் கேட்டால் போதாது, "அழவைத்துவிட்டு எவனை வெறுக்கச் சொல்கிறாய்?" என்றும் கேட்டாக வேண்டும்.

அடுத்து, கையைக் காட்டிவிட்டுக் கடைசியில் மறைத்த படம் ஒன்று. 1924-இல் ஜெர்மனியில் முர்னாவ் இயக்கிய பேசாப் படம். 'கடைசி மனிதன்' என்பது அதன் பெயருக்குப் பொருள். எமில் யானிங்ஸ், பெரியதொரு விடுதியின் வாயிற்காவலராக நடித்தார். பொத்தான்கள் பளபளக்கும் நீண்ட சீருடை. அந்த உடையோடு அவர் தம் தெருவில் நுழைந்தால் அண்டை அயலார் மரியாதை செய்கின்றனர். ஒருநாள், கனத்த பெட்டியைத் தூக்கித் தளர்ந்து அமர்ந்துவிடுகிறார். மேலாளர் பார்த்துவிடுகிறார். முதுமை குற்றமாகிறது, தண்டனை உடனே கிடைக்கிறது. சீருடை பறிக்கப்பட்டு, கழிவறையில் வருவோர்க்குத் துண்டு எடுத்து நீட்டும் வேலை தரப்படுகிறது. வீட்டில் திருமணம், ஊரார் முன் தலைகுனியக்கூடாதே என்று, தம்முடைய பழைய சீருடையைத் தாமே இரவில் திருடி அணிந்து செல்கிறார் அந்த முதியவர். உண்மை வெளிப்பட்டதும், வணங்கிய அதே தெரு வாய்விட்டுச் சிரிக்கிறது.

இளிவும் அசைவும் ஒருங்கே வந்து நிற்கும் இடம் இது. மனிதனை மதிக்கவில்லை, உடையை மதித்தோம் என்று அந்தத் தெரு உணர்ந்ததோ இல்லையோ, பார்க்கும் நாம் உணர்கிறோம். நூலுக்கும் திருநீற்றுக்கும் பட்டுக்கும் பதவிக்கும் தலைவணங்கிப் பழகிய நமக்கு, ஜெர்மனியின் அந்தத் தெரு தொலைவில் இருப்பதாகவே தோன்றுவதில்லை.

படம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை! எழுத்து அட்டைகளை ஏறக்குறைய அறவே தவிர்த்துக் கதை சொல்லிவந்த படத்தில் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. உண்மை வாழ்வில் இம்முதியவர்க்குச் சாவன்றி வேறு கதியில்லை, ஆனாலும் கதாசிரியர் இரக்கப்பட்டு, நடக்கவொண்ணாத முடிவொன்றை வழங்குகிறார் என்ற பொருளில். பிறகென்ன? பெருஞ்செல்வர் ஒருவர் கழிவறையில் அந்த முதியவரின் கைகளில் உயிர்விடுகிறார். எவர் கையில் தம் உயிர் பிரிகிறதோ அவருக்கே தம் சொத்தெல்லாம் என்று உயில் எழுதி வைத்திருக்கிறார்! கழிவறைக் கிழவர் கோடீசுவரராகி, அதே விடுதியில் விருந்துண்கிறார்.

இது இயக்குநர் செய்த கேலி என்பாரும் உளர். இருக்கலாம். ஆனால், முர்னாவ் கேலியாகச் செய்ததைக் கடமையாகவே செய்து வந்திருக்கும் படங்கள் எத்தனை, எத்தனை! காணாமற்போன தந்தை செல்வராகத் திரும்பி வருவார். சந்நிதியில் மணிகள் தாமே ஒலிக்கும். பார்வையற்றவனுக்குப் பார்வை வரும். ஊரைச் சுரண்டிய பண்ணையார், ஒரு பாட்டு முடிவதற்குள் திருந்திவிடுவார். எளியவன் வீட்டுப் பெண், பெரிய வீட்டுக்கு மருமகளாகிவிட்டால் ஊரின் வறுமை ஒழிந்துவிட்டதாக வாழ்த்துப்பா ஒலிக்கும்!

"ஏமாற்றிவிட்டான்" என்று கொட்டகை வாயிலில் சொல்கிறோமே, அந்த ஏமாற்றத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வினாவை மண்ணில் எழுப்பிவிட்டு, விடையை வானத்திலிருந்து இறக்கினால், பாமரன் நெஞ்சும் அதை ஒப்புவதில்லை. அவனுக்குக் காரணம் சொல்லத் தெரியாதிருக்கலாம். ஆனால் கணக்கு உதைக்கிறது என்பது தெரிகிறது.

உதைக்காத கணக்கு எப்படி இருக்கும்? 1948-இல் இத்தாலியில் விட்டோரியோ டி சிகா இயக்கிய 'மிதிவண்டித் திருடர்கள்' படத்தைச் சொல்வேன். கதையை உள்ளங்கையில் எழுதிவிடலாம். போர் முடிந்த ரோம் நகரில், நெடுநாள் வேலையின்றி இருந்தவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. மிதிவண்டி இருந்தால்தான் வேலை. வண்டியோ அடகில். மனைவி, படுக்கை விரிப்புகளை உருவி எடுத்துக்கொண்டுபோய் அடகு வைத்து வண்டியை மீட்கிறாள். வேலையின் முதல் நாளிலேயே வண்டி களவுபோகிறது. தந்தையும் சிறுவனான மகனும் நகரமெங்கும் அதைத் தேடி அலைகின்றனர்.

இதில் அழவைக்கும் உத்தி என்று ஒன்றும் இல்லை. அடகுக்கடை ஊழியன் அவள் தந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு ஏணிபோன்ற அடுக்குகளில் மேலே மேலே ஏறுகிறான். கூரைவரை அடுக்கடுக்காக விரிப்பு மூட்டைகள்! ஒரு வீட்டின் வறுமை என்று எண்ணியிருந்த நமக்கு, ஒரு நகரத்தின் வறுமை ஒரே காட்சியில் தெரிந்துவிடுகிறது. காவல் நிலையம் புகாரை எழுதிக்கொள்கிறது. அத்தோடு அதன் கடமை தீர்ந்தது. தேவாலயத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி உண்டு. ஆனால் முதலில் வழிபாடு. குறிசொல்லும் பெண்ணிடம் மனைவி சென்றதற்காக அவளைக் கடிந்துகொண்ட அதே கணவன், வேறு வழி ஏதுமில்லாதபோது, தானே அந்தக் குறிகாரியின் முன் போய் நிற்கிறான்.

தோழர்களே, இந்த இடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். மூடநம்பிக்கையை முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அறிவுள்ள ஒருவனைக் குறிகாரியின் வாயில்வரை தள்ளிக்கொண்டுபோகும் கை எது என்பதை டி சிகா காட்டுகிறார். கதவுகள் யாவும் அடைபட்டவன்தான் இல்லாத கதவைத் தட்டுகிறான்.

இறுதியில், தேடி ஓய்ந்த தந்தை தானே ஒரு வண்டியைத் திருடுகிறான், பிடிபடுகிறான், மகன் கண்ணெதிரே அடியும் இழிசொல்லும் படுகிறான். அழுதுகொண்டு நிற்கும் சிறுவனைக் கண்டு, வண்டிக்காரன் போகட்டும் என்று விட்டுவிடுகிறான். தந்தை அழுதுகொண்டே நடக்க, மகன் கையைப் பற்றிக்கொள்கிறான். இருவரும் கூட்டத்தில் கலந்து மறைகின்றனர். உயில் இல்லை; தெய்வம் வரவில்லை; வண்டியும் கிடைக்கவில்லை. திருடன் யார் என்ற கேள்வி மட்டும் நம் மடியில் விழுகிறது. தலைப்பில் உள்ள 'திருடர்கள்' என்ற பன்மைக்குப் பொருள் அப்போதுதான் விளங்குகிறது.

அப்படியானால் படங்கள் யாவும் வறுமையையே காட்டவேண்டுமா? ஒவ்வொரு படமும் சீர்திருத்தச் சொற்பொழிவாக இருக்கவேண்டுமா? வேண்டா. காதலும் பிரிவும் நகையும் வீரமும் மனித வாழ்வில் உள்ளவைதாம், தாய் இறந்த துயரைக் காட்டும் படத்திடம் போய்ச் சட்டத் திருத்தம் கேட்பவன் கலையும் அறியான், துயரும் அறியான். இன்னொன்றும் சொல்லவேண்டும், நம்மவர்க்குக் கசந்தாலும் சொல்லவேண்டும். நம் கொள்கையைப் பேசுகிறது என்பதனாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது. பாத்திரங்கள் வாழாமல் மேடை ஏறி முழங்கினால், கைதட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். ஏற்கெனவே நம்பியவனை மட்டும் மகிழ்விக்கும் படம், பக்தனை மட்டும் மகிழ்விக்கும் புராணப்படத்துக்கு உடன்பிறப்பு. எதிர்க் கருத்துடையவனும் வீடு திரும்பிய பின்னர் உறக்கமின்றிப் புரளவேண்டும், அதுவே வெற்றி.

இனி, எஞ்சியிருக்கும் கேள்விக்கு வருவோம். உண்மையான துயரை, உண்மையான கையைக் காட்டிய படத்தைப் பார்த்து உண்மையாகவே அழுதோம். பிறகு?

டி சிகாவின் படத்தில் தந்தையாக நடித்த லம்பெர்டோ மஜ்ஜொரானி நடிகரல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. ஹாலிவுட் படமுதலாளி செல்ஸ்நிக், புகழ்பெற்ற கேரி கிராண்டை நடிக்கவைத்தால் பணம் தருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டு, அந்தத் தொழிலாளியை டி சிகா தேர்ந்தார். படம் உலகெங்கும் ஓடியது. 1950-இல் ஆஸ்கார் விழாவிலும் சிறப்புப் பரிசு பெற்றது. வேலையற்றவனின் முகம் என்றால் இம்முகமே என்று உலகம் போற்றியது. படம் முடிந்து தம் தொழிற்சாலைக்குத் திரும்பிய மஜ்ஜொரானிக்கு என்ன ஆயிற்று? ஆட்குறைப்பில் அவர் வேலை போயிற்று! படத்தில் நடித்துப் பெரும்பொருள் சேர்த்திருப்பார் என்பது நிர்வாகத்தின் நினைப்பு. பின்னர் கொத்து வேலையும் சில்லறை வேடங்களுமாக அவர் காலம் தள்ள நேர்ந்தது.

உலகமே அழுதது, அவருடைய நிழலுக்காக. அந்த மனிதருக்கோ வேலை இல்லை! வில்லியம் ஜேம்ஸ் காட்டிய வண்டியோட்டி, கதையை விட்டு இறங்கி வரலாற்றுக்குள் வந்துவிட்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' இணையவழி வெளிவந்தது. 1993-இல் தமிழ்நாட்டில் நடந்த காவல் கொடுமை ஒன்றையும், கணவனை இழந்த பழங்குடிப் பெண்ணுக்காக வழக்கறிஞர் சந்துரு நடத்திய வழக்கையும் தழுவியது. இருளர் குடிசைகளின் துயர் கண்டு, வீட்டுக் கூடங்களில் அமர்ந்து பல்லாயிரவர் அழுதனர். அந்தப் படம் துயரைச் செய்த கையைக் காட்டியது. விடையை வானத்திலிருந்து இறக்காமல் நீதிமன்றத்தில் தேடியது. நல்ல படம். ஆனால் அந்தக் கண்ணீரில் எத்தனை துளி, திரையிலிருந்து திரும்பித் தன் ஊர் எல்லையில் உள்ள இருளர் குடியிருப்பை நோக்கி நடந்தது?

பள்ளி ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பழங்குடிப் பிள்ளைகள் பலருக்குப் படிப்பு தடைபடுவது அறிவுக் குறைவால் அன்று. சாதிச் சான்றிதழ் என்ற ஒரு தாள் கிடைக்காமையால். தாளுக்காகத் தந்தை அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கும் நாளெல்லாம் கூலி போகும். எழுதத் தெரிந்த ஒருவர் துணைக்கு வேண்டும். படத்தின் இறுதியில் ஒரு சிறுமி, வழக்கறிஞரின் எதிரே கால்மேல் கால் போட்டுக்கொண்டு செய்தித்தாளை விரிக்கிறாள். அதைக் கண்டு நெஞ்சு விம்மியவர்கள் நாம். அவளைப் போன்ற ஒருத்தி நம் ஊரில் அடுத்த வகுப்புக்குப் போக, ஒரு மனு எழுத வேண்டும். ஒரு நாள் விடுப்பெடுத்து அவள் தந்தையோடு நாற்காலிகளின் முன் நிற்க வேண்டும். விம்மிய நெஞ்சுக்கு இது பெரிய வேலையா?

ரூசோவின் குற்றச்சாட்டுக்கு நாம் தரக்கூடிய விடை இதுதான். கண்ணீரைக் கடமை முடிந்ததற்கான பற்றுச்சீட்டாக வைத்துக்கொள்பவனைப் பற்றி அவர் சொன்னது சரி. கண்ணீரைக் கடன்பத்திரமாகக் கொள்பவனை அவர் கணக்கில் எடுக்கவில்லை. திரை இருளும்போது நாம் எழுதிக் கொடுத்த பத்திரம் அது. தொகை இன்னது என்று அதில் எழுதியிருக்காது; யாருக்குத் தரவேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருக்கும்.

ஆகவே அழுங்கள், தோழர்களே, வெட்கப்பட வேண்டா. அழுத பின், இத்துயரைச் செய்தது யார் கை என்று கேளுங்கள். வானத்தைக் காட்டும் படத்தை "ஏமாற்றிவிட்டான்" என்று அஞ்சாமல் சொல்லுங்கள், அது எவ்வளவு அழவைத்திருந்தாலும். மண்ணைக் காட்டும் படத்தை "உருக்கிவிட்டான்" என்று வாழ்த்துங்கள். வாழ்த்திவிட்டு, வெளியே பனியில் எவனேனும் காத்துக்கொண்டிருக்கிறானா என்று பாருங்கள். இருப்பான்.